மூச்சு விடாத பாட்டில்கள்

அத்தியாயம் 14

சுஸுனா மூடியைத் திருகினாள். சத்தமே இல்லை.

'உஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வந்திருக்க வேண்டும். அடியில் படிந்திருக்கும் வெள்ளை வண்டல் புரண்டு கிளம்ப, நுரை கழுத்துவரை ஏறி வந்திருக்க வேண்டும். பாட்டில் கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே நின்றது.

இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதையும் திறந்தாள். அதிலும் ஒரு குமிழி கூட இல்லை.

வெளியே முற்றத்தில், பெரிய அண்டாவில் சாகே என்னும் அரிசி மதுவைப் பிழிந்த சக்கை போட்ட சூப் கொதிக்க ஆரம்பித்திருந்தது. வாசலில், புதுச் சாகே தயார் என்று ஊருக்குச் சொல்லும் தேவதாரு இலைப் பந்து பச்சைப் பசேலென்று தொங்கியது. கரசுதா குடும்பத்தின் சாகே வடிக்கும் கூடத்தின் கதவு ஊருக்கெல்லாம் திறந்திருக்கும் நாள் வருடத்துக்கு ஒன்றுதான். அது இன்றைக்கு.

புருஷனோடு பத்து வருடம் வாழ்ந்தது போதும் என்று செந்தாய் நகரத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு சுஸுனா பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணன் நொபுயுகி பின்கட்டில் ஒரு சிறிய அறையைக் கொடுத்ததும், அதில் அவள் நுரைக்கும் சாகே செய்கிறேன் என்று கிளம்பியதும், அண்ணன் அதற்கு ஒரு நிபந்தனை போட்டதும் ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அவளுக்கு அது தூக்கத்தில்கூட மறக்கவில்லை.

"கூடம் திறக்கற அன்னிக்கு ஊர்க்காரங்க முன்னாடி ஊத்து. அவங்களுக்குப் பிடிச்சா அடுத்த குளிர்காலம் சாகே போட உனக்குன்னு ஒரு தொட்டி. பிடிக்கலேன்னா அந்த ரூமைக் கடையாக்கிடறேன். நீ யமகதாவுல நமக்குத் தெரிஞ்சவங்க ஆபீஸ்ல வேலைக்குப் போ." இதுதான் நொபு சொன்னது. சத்தம் போடாமல், சூப் குடித்துக்கொண்டே சொன்னான்.

ஆக, இன்றைக்கு நுரை வரவில்லை என்றால் இந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் அந்த ஒற்றைப் பெட்டி.

சுஸுனா ஒரு வாய் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். நல்ல சாகேதான். வயிற்றெரிச்சலே அதுதான். ஆனால் சூடு காட்டாத பச்சைச் சாகேயில் மூக்கைத் துளைக்கும் பேரிக்காய் வாசனை இதில் அடங்கிக் கிடந்தது. சோறு வடித்த வீட்டின் வாசனை மாதிரி ஏதோ ஒன்று அடிநாக்கில் தட்டியது.

இன்னொரு வாய் குடித்தாள். சந்தேகமே இல்லை. இதற்கு யாரோ சூடு காட்டியிருக்கிறார்கள்.

அந்த வீட்டிலிருந்து வெளியே போகும் எந்தச் சாகேயும் வெந்நீரில் குளிக்காமல் போகாது. பாட்டிலோடு கூடையில் வைத்து, கை பொறுக்காத சூட்டில் தொட்டியில் இறக்குவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் சாகே கடைக்குப் போன பிறகும் வேலை செய்து புளித்துப்போகும். தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம்.

சுஸுனாவின் பாட்டில்களுக்கு மட்டும் அது ஆகாது. அவற்றில் ஈஸ்ட்டை உயிரோடு விட்டு மூடியிருந்தாள். அது பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் இனிப்பைத் தின்ன வேண்டும். தின்று மூச்சுவிட வேண்டும். அந்த மூச்சுக்கு வெளியே போக வழியில்லாமல் சாகேக்குள்ளேயே ஒடுங்கினால்தான் குமிழி. வெந்நீரில் ஒரு முங்கு முங்கினால் கதை முடிந்தது.

யார் செய்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

போன மாதம் இந்தப் பாட்டில்களை நிரப்பி, லேபிள் ஒட்ட நேரமில்லாமல் கழுவும் கொட்டகையில் வைத்துவிட்டு, விவாகரத்துப் பத்திரத்தில் முத்திரை வைக்கச் செந்தாய்க்கு ரயில் ஏறினாள். மறுநாள் மாலை திரும்பி வந்தபோது எல்லாம் இந்த அறையில் ஒழுங்காக அடுக்கியிருந்தது. வேலையாட்களின் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள். பாட்டில்கள் மேல் ஒரு நீலக் கோட்டுத் துண்டு போர்த்தியிருந்தது. அதன் நான்கு மூலையும் அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தன.

அந்தத் துண்டு இன்னும் அங்கேதான் இருந்தது. மூலையை அப்படி மடித்துச் செருகுகிறவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். அம்மா.

நடுவில் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்திருக்கலாம். திறந்தால் அந்தப் பாட்டில் வீணாகுமே என்று விட்டுவிட்டாள். ஒவ்வொன்றும் ஊருக்கென்று எண்ணி வைத்தது. முதலில் நிரப்பிய சோதனைப் பெட்டியில் நுரை பொங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, இதிலும் வரும் என்று நம்பிவிட்டாள். இப்போது தன்னையே நொந்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கதவு நகர்ந்தது. நொபுயுகி எட்டிப் பார்த்தான். கூடத்தின் பெயர் போட்ட நீல அங்கி அவனுக்கு எடுப்பாக இருந்தது.

"என்ன சுஸு, தயாரா?"

"நுரை வரலைண்ணா."

அவன் உள்ளே வந்தான். திறந்து கிடந்த மூன்று பாட்டிலையும் பார்த்தான். சுஸுனா டம்ளரை நீட்டினாள்.

"குடிச்சுப் பாரேன்."

"குடிச்சு என்ன பண்ண? பார்த்தாலே தெரியுதே." எதைக் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோகும் நொபு, இன்று டம்ளரைத் தொடவே இல்லை. "எங்கயோ கணக்கு தப்பியிருக்கு. இனிப்பு குறைவா நின்னிருக்கும். முதல் தடவைதானே, விடு."

"கணக்கு தப்பலைண்ணா."

"அப்புறம் எப்படி வராம இருக்கும்?"

அம்மாவின் பெயர் சுஸுனாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வாசலில் அம்மாவின் மரச்செருப்புச் சத்தம் கேட்டது.

யொஷினோ அம்மாளும் நீல அங்கிதான் போட்டிருந்தார். தலைமுடியை வழித்துச் சீவி, உதட்டில் லேசாகச் சாயம்கூடப் பூசியிருந்தார். அப்பா போன பிறகு அம்மா சாயம் பூசி சுஸுனா பார்த்ததில்லை.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? மகிமுராவை, தொகாஷியை எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். எம் பொண்ணு கையால ஊத்தறா, வந்து பாருங்கன்னு. நான் முன் வரிசைல உக்காந்துக்கறேன், சரியா?"

சுஸுனா அம்மாவின் கைகளைப் பார்த்தாள். வெந்நீரில் ஊறி ஊறி விரல்கள் சிவந்து தடித்திருந்தன; மாதக்கணக்காக வலிக்கும் மணிக்கட்டில் கட்டு சுற்றியிருந்தது. மணமாகி வந்த நாள் முதல் இந்தக் கூடத்தில் சூடு காட்டும் வேலை அம்மாவுடையது. தண்ணீரில் விரலை வைத்தே பதம் சொல்லுவார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சும். அந்தக் கையால் மகளின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாய் என்று இந்தச் சாயம் பூசிய முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

"சரிம்மா, போய் உக்காரு. வந்துடறேன்."

அம்மா போனதும் நொபு பெருமூச்சு விட்டான். "நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இந்த வருஷம் சரியா வரலை, அடுத்ததுக்குப் பார்க்கலாம்னு. யமகதாக்காரங்ககிட்டயும் நாளைக்குப் பேசிடறேன்."

அவன் குரல் அன்பாகத்தான் இருந்தது. அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். பின்கட்டில் இடுப்பளவு பனி குவிந்து கிடந்தது.

பனி.

சோதனைப் பெட்டி! நுரை அடங்காமல் திமிறுகிறது, இதெல்லாம் சபைக்கு ஆகாது என்று மிச்சப் பாட்டில்களைப் பனிக்குள் புதைத்து வைத்திருந்தாளே.

"கொஞ்சம் பொறுண்ணா. ஊத்தறேன்."

"எதை ஊத்துவே?"

"இருக்கு. வெளிய புதைச்சு வெச்சிருக்கேன்."

 நொபு அங்கியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். சுஸுனா அதற்குள் மண்வெட்டியோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

*

பெரிய கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒல்லியான கண்ணாடி டம்ளரும், புகையிட்ட முள்ளங்கி ஊறுகாய் நாலு துண்டும். வண்டி ஓட்டி வந்தவர்கள் மார்பில் மஞ்சள் வில்லை ஒட்டிக்கொண்டு, மது இல்லாத அரிசிக் கஞ்சிப் பானத்தோடு பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குச் சாகே வாசனையே ஆகாதும்மா" என்றாள் சலூன்கார மகிமுராவின் மனைவி. "உங்கம்மா முகத்துக்காக வந்தேன். ஒரு சொட்டு விட்டா போதும்."

"ஒரு சொட்டே விடறேன் அத்தை. பிடிக்கலேன்னா வெச்சிடுங்க."

"சின்னக் கிண்ணத்துல குடிக்கறதை விட்டுட்டு இது என்ன ஒட்டடைக்குச்சி மாதிரி டம்ளர்?" இது தொகாஷி. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"கிண்ணத்துல ஊத்தினா குமிழி எல்லாம் ஒரு நொடில ஓடிடும் மாமா. இதுல கீழேருந்து மேல ஏறிவர வரைக்கும் நீங்க வேடிக்கை பார்க்கலாம்."

பனியில் புதைந்த பாட்டில்கள் கையைச் சுட்டன, அவ்வளவு குளிர். சுஸுனா ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தாள். லேபிளில் நொபுவின் தூரிகை எழுத்து. பாட்டில் நிரப்புவதற்கு முன்பே அண்ணனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது: 'இது உயிரோடு இருக்கிறது. குளிரில் நிற்க வை. சூடு காட்டாதே.'

"முதல்ல, இதைக் குலுக்கக் கூடாது. படுக்க வெக்கக் கூடாது. நல்லா ஜில்லுனு இருக்கும்போதுதான் தொடணும்" என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்காமல் இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "தொறக்கறப்ப அவசரமே கூடாது. பாருங்க."

மூடியைக் கால் சுற்றுத் திருகினாள்.

'உஸ்ஸ்ஸ்.'

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெள்ளை வண்டல் அடியிலிருந்து புரண்டு எழுந்து, பாட்டில் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆனது. நுரை கழுத்துக்கு ஏறியது. சட்டென்று மூடியை இறுக்கினாள். நுரை யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது. மறுபடி திருகினாள். மறுபடி ஏறியது. மறுபடி மூடினாள்.

"பாட்டிலைத் தொறக்கறதுக்குள்ள மத்தியானச் சாப்பாடு வந்துடும் போலிருக்கே" என்றார் தொகாஷி.

"ஒரேயடியா தொறந்தா உங்க தொப்பிதான் குடிக்கும் மாமா."

"என்னை யாருன்னு நெனச்சே? நாப்பது வருஷமா சாகே பாட்டில் தொறக்கறவன். இங்க குடு அந்த இன்னொண்ணை."

தடுப்பதற்குள் அவர் பக்கத்துப் பாட்டிலை எடுத்து ஒரே திருகு திருகிவிட்டார். வெள்ளை நுரை மேற்கூரை உத்திரம்வரை பாய்ந்தது. திரும்பி வந்து தொப்பி, கண்ணாடி, மீசை எல்லாவற்றையும் நனைத்தது. கூடமே கொல்லென்று சிரித்தது. தொகாஷி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீசையை நக்கிப் பார்த்தார்.

"அட. நல்லாத்தான் இருக்கு."

"மீசைக்கு மட்டும் ஓசியா? எங்களுக்கும் ஊத்தும்மா" என்றாள் சலூன்கார அம்மாள்.

சுஸுனா சாய்த்துப் பிடித்த டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாள். குமிழிகள் ஊசிமுனை அளவில் வரிசை கட்டி மேலே ஏறின. ஒரு சொட்டு போதும் என்றவள் ஒரு மடக்கு குடித்தாள். ஊறுகாயைக் கடித்தாள். மறுபடி குடித்தாள்.

"இது சாகே மாதிரியே இல்லையே. நாக்குல கூசுது, ஆனா அரிசி வாசனை வருது. இனிப்பா, புளிப்பா, ரெண்டுமா? இன்னும் கொஞ்சம் விடேன்."

"ஒரு சொட்டு போதும்னீங்களே அத்தை."

"அது வர்றப்ப சொன்னது."

சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையில் யொஷினோ அம்மாள் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழிகள் ஏறுவதையே பார்த்தார். பிறகு குடித்தார். குடித்ததும் முகம் மாறியது.

"சுஸு, இதுக்குச் சூடு காட்டலியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூடு விஷயத்தில் யொஷினோ அம்மாள் கேட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இதுக்குச் சூடு ஆகாதும்மா" என்றாள் சுஸுனா மெதுவாக. "உள்ள இருக்கறது உயிரோட இருந்தாத்தான் குமிழி வரும்."

"அப்போ உன் ரூம்ல அடுக்கியிருக்கறதெல்லாம்?"

"அது வேறம்மா. அதை இன்னிக்குத் தொறக்கலை. நீ குடி."

அம்மா குடிக்கவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்தார். மகள் பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க." குரல் சன்னமாக இருந்தது. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "இவ உங்களுக்காகச் செஞ்சது இந்த ஒரு பெட்டி இல்லை. ரூம் நிறைய செஞ்சா. அதையெல்லாம் வெந்நீர்ல இறக்கிக் கொன்னது நான். இவ மறந்துட்டான்னு நெனச்சு உதவி பண்ணப் போனேன். காலைலேர்ந்து இவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலை. என்னை மன்னிச்சிடும்மா."

இடுப்பை வளைத்து, தலை மேஜையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

 சுஸுனா ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.  தொகாஷி நனைந்த தொப்பியை உதறிவிட்டு வாயைத் திறந்தார்.

"யொஷினோ, நீ ரூம் நிறைய கொன்னே. நான் ஒரு பாட்டிலை உத்திரத்துக்குக் குடுத்தேன். ரெண்டு பேரும் குத்தவாளிதான். அதை விடு. டேய் நொபு, அடுத்த வருஷம் இது எத்தனை பாட்டில் வரும்? இப்பவே சொல்லு. எனக்குப் பத்து வேணும்."

"எனக்கும்" என்றாள் சலூன்கார அம்மாள். பின்வரிசையில் மஞ்சள் வில்லைக்காரர்கள்கூடக் கை தூக்கினார்கள்.

எல்லோர் பார்வையும் கதவோரம் நின்ற நொபுயுகிமேல் திரும்பியது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு தொட்டி" என்றான். "அடுத்த குளிர்காலம் சுஸுவுக்கு ஒரு தொட்டி."

கைதட்டலில் பாட்டில்கள் கிணுகிணுத்தன. சுஸுனா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

*

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கழுவும் கொட்டகையில் அம்மா டம்ளர்களை அலச, மகள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நொபு தனியாகக் கொடித்துணிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு உன் மூஞ்சியே சரியில்லை" என்றார் அம்மா. "பத்திரத்துல முத்திரை வெக்கப் போறவ, என்ன ஞாபகம் இருக்கும்? பாட்டிலைச் சூடு காட்டாம விட்டுட்டுப் போறா, வந்து பார்த்தா அதுக்கும் அழுவாளேன்னு நெனச்சேன்."

"தெரியும்மா. அதான் எனக்குக் கோவமே வரலை."

"வந்திருக்கணும்டி. என்னைத் திட்டியிருக்கணும்."

"அடுத்த வருஷம் சேத்துத் திட்டறேன்." சுஸுனா அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டு நனைந்திருந்தது. "இதோட நீ ஏன் கழுவறே? தள்ளு. அன்னிக்கும் இந்தக் கையை வெச்சுக்கிட்டு அந்த இரும்புக் கூடையை எப்படித்தான் தூக்கினியோ."

"நான் எங்க தூக்கினேன்? அது ஒருத்தர் தூக்கற கூடையா?" அம்மா அடுத்த டம்ளரைத் தண்ணீரில் முக்கினார். "நொபுதான் ஒரு பக்கம் பிடிச்சான். வந்து சொன்னதே அவன்தானே. 'சுஸு மறந்துட்டுப் போயிட்டா போலிருக்கும்மா, வா, நாமளே முடிச்சுடலாம்'னு."

மேஜை ஓரத்தில் காலி பாட்டில் ஒன்று நின்றது. லேபிளில், பாட்டில் நிரப்புவதற்கு முன்பே அண்ணன் எழுதித் தந்த தூரிகை எழுத்து. 'இது உயிரோடு இருக்கிறது. சூடு காட்டாதே.'

"பாவம், உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் அவனும் வந்தான்" என்றார் அம்மா. "நான் ஒருத்தியே செஞ்ச மாதிரி சபைல சொல்லிட்டேன். அவனையும் ஏன் இழுக்கணும்னுதான். அவனும் தெரியாமத்தானே செஞ்சான்?"

முற்றத்தில் நொபு கடைசிக் கொடியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக் கையசைத்தான். சாப்பிட வா என்று சைகை காட்டினான்.

"ஆமாம்மா" என்றாள் சுஸுனா.

கையிலிருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.